முதல் பதில்தான் கணக்கு

எப்சிக்குப் பொது அறிவு அதிகம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரைக்கும் அவளை ஒரு அறிவுக் களஞ்சியம் என்று நம்பிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் ஏராளம். வெள்ளிக்கிழமைச் சந்தையில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருப்பவளிடம் வந்து, "மேடம், எம் பையன் குரூப் ஃபோர் எழுதுறான், எந்த புக்கு நல்லாருக்கும்?" என்று கேட்பார்கள். அவளும் முகம் கோணாமல் ஏதோ ஒன்றைச் சொல்லி அனுப்புவாள். டிவியில் வருகிற வினாடி வினாவில் இருபத்திரண்டு வருடம் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரம் ஒவ்வொரு தடவையும் மறந்துபோகும் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

அவள் முன்னால் விடைத்தாள் இருக்கும். அதைப் பார்த்து மதிப்பெண் போட்டு, சுற்றின் முடிவில் வாசிப்பது அவள் வேலை. அவ்வளவுதான். ஆனால் வாசிப்பதில் அவளுக்கு ஒரு பக்குவம் இருந்தது. ஒரு மதிப்பெண்கூட எடுக்காமல் நான்காவது மேஜையில் மூன்று பிள்ளைகள் காதுமடல் சிவந்து உட்கார்ந்திருக்கும்போது, "டி அணி, பூஜ்யம்" என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. "டி அணி, இனிமேல்தான் தொடங்க வேண்டும்" என்பாள். ஏதோ அந்த அணி வேண்டுமென்றே காத்திருப்பதுபோல இருக்கும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதைக் கேமராக்காரர் தவறாமல் பிடித்துவிடுவார். பெற்றோர்கள் அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவளை ஞாபகம் வைத்திருந்தார்கள்.

நிகழ்ச்சியின் பெயர் 'முந்துமணி'. நான்கு பள்ளிக்கூடங்கள், நான்கு மேஜைகள், மேஜைக்கு ஒரு மணி. முந்தி அடிப்பவருக்கு வாய்ப்பு. ஆரம்பத்தில் மின்சார பஸ்ஸர் வாங்க வழியில்லாமல்தான் ஓட்டல் கல்லாவில் இருப்பதுபோன்ற மேஜை மணியை வைத்தார்கள். பிறகு வழி வந்தது. அதற்குள் மணி பாரம்பரியமாகிவிட்டது. ஸ்டூடியோ பம்மலில் ஒரு பழைய தோல் கிடங்கு. ஏசி, விளக்கு, பளபளக்கும் தரை எல்லாம் போட்ட பிறகும் மழை பெய்தால் சுவர்கள் தங்கள் பழைய தொழிலை நினைத்துக்கொள்ளும். கேமராவுக்கு மூக்கு இல்லாதது சேனலின் அதிர்ஷ்டம்.

ஒவ்வொரு பதிவுக்கு முன்பும் பிள்ளைகளுக்கு விதிகளைப் படித்துக் காட்டுவதும் எப்சிதான். அதில் ஒன்றை மட்டும் இரண்டு தடவை படிப்பாள்: "முதலில் சொல்லும் பதில்தான் கணக்கு. மாற்றிச் சொல்ல அனுமதி இல்லை." எத்தனையோ பிள்ளைகள் அவசரத்தில் ஒன்றைச் சொல்லி, அடுத்த மூச்சில் சரியானதைச் சொல்லி, மதிப்பெண் கிடைக்காமல் உதட்டைக் கடித்ததை அவள் பார்த்திருக்கிறாள். அவளுக்குப் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் விதி விதிதான்.

விதி அது. வழக்கம் வேறு. எப்சி வளர்ந்த சேலையூர்க் கிறிஸ்தவச் சபையில், நல்ல குடும்பத்து மனிதர்கள் யாரும் எதற்கும் முதல் தடவை சம்மதிப்பதில்லை. பந்தியில் இன்னொரு கரண்டி பிரியாணி என்றாலும் சரி, சபையின் செயலாளர் பதவி என்றாலும் சரி. முதல் தடவை "ஐயோ, வேண்டாம்" என்பார்கள். இரண்டாம் தடவை "எனக்கு என்ன தகுதி இருக்கு" என்பார்கள். மூன்றாம் தடவை தலையைக் குனிந்துகொண்டு "உங்க இஷ்டம்" என்பார்கள். ஐசக் என்பவரைச் செயலாளராகக் கேட்டபோது, மூன்று தடவையும் மறுத்து, கடைசியில் அழுதே விட்டார். பிறகு ஒன்பது வருடம் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

முந்துமணியும் அப்படித்தான் பிறந்தது. அப்போது அந்தச் சேனல் சாட்டிலைட்டில் வரவில்லை. பம்மலின் பழைய நிலக்காரக் குடும்பத்துப் பிள்ளை ராஜகோபால், வயலெல்லாம் மனையான பிறகு கேபிள் இழுத்துக்கொண்டிருந்தார். எப்சி அவருடைய ஆபீஸில் 'படம் வரல, புள்ளி புள்ளியா வருது' என்ற புகார்களைப் போனில் கேட்டுக்கொள்ளும் வேலையில் இருந்தாள். உள்ளூர் சேனலில் ஒரு வினாடி வினா நடத்த ராஜகோபாலுக்கு ஆசை வந்து, எப்சியின் சபையைச் சேர்ந்த பௌதிக ஆசிரியர் வில்பிரட்டைக் கூப்பிட்டுக் கேட்டார். வில்பிரட் சார் இரண்டு கைகளையும் கூப்பி, "எனக்கு என்னங்க தகுதி இருக்கு, வேற நல்ல ஆளாப் பாருங்க" என்றார். ராஜகோபால் நம்பிவிட்டார். அடுத்த ஆளைப் பார்க்க வண்டிச் சாவியை எடுத்தவரை, போனைக் கையால் பொத்திக்கொண்டு எப்சி தடுத்தாள்.

"அண்ணா, சார் சும்மா சொல்றாரு. எங்க ஆளுங்க மொதல் தடவை வேண்டாம்னுதான் சொல்வாங்க. இன்னொரு தடவை கேளுங்க."

கேட்டார். மூன்றாம் தடவையில் வில்பிரட் சார் தலையைக் குனிந்தார். அதற்குப் பிறகு ஆண்டு விழாதோறும் அவர் இந்தக் கதையைச் சொல்லி, "அன்னைக்கு எப்சி ஒரு வார்த்தை சொல்லலைன்னா நான் இன்னும் லேப்ல லென்ஸைத் தொடைச்சிட்டு இருந்திருப்பேன்" என்று முடிப்பார். கூட்டம் கைதட்டும். எப்சி வெட்கப்பட்டு விடைத்தாளை அடுக்குவாள். மதிப்பெண் வாசிக்க அவளைக் கேட்டபோது அவளும் இரண்டு தடவை மறுத்தவள்தான். அவளுக்கு வாழ்க்கையில் கிடைத்ததெல்லாம் மூன்றாம் கேள்வியில் கிடைத்தவை. கல்யாணம் கிடைக்கவில்லை. அதற்கு வேறு காரணங்கள் இருந்தன. அவை இங்கே வேண்டாம்.

வில்பிரட் சார் நல்ல தொகுப்பாளர். பிள்ளைகள் அவரைப் பார்த்து நடுங்கினார்கள், பெற்றோர்கள் அதை ஒழுக்கம் என்று மெச்சினார்கள். ஒரு பதில் வந்தவுடன் சற்று நேரம் பேசாமல் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். பிறகு "சரியான விடை!" என்பார். அந்த மௌனத்தில் பல குடும்பங்கள் சோற்றை வாயருகே பிடித்தபடி காத்திருந்தன. போகப் போக அந்த மௌனம் நீண்டது. நாடகத்துக்காக நீட்டுகிறார் என்று ஊர் ரசித்தது. உண்மையில் அவருக்குக் காது கேட்கவில்லை. காது மிஷின் வாங்கிவிட்டார். ஆனால் சட்டையில் குத்திய மைக்கும் மிஷினும் சேர்ந்தால் கீச்சென்று கத்தின. பதிவின்போது அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். அந்த மௌனத்தில் அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தது பிள்ளையை அல்ல, எப்சியை. அவள் பேனாவை உயர்த்தினால் சரி. மேஜையில் படுக்கவைத்தால் தவறு. கடைசி இரண்டு வருடம் முந்துமணி இப்படித்தான் நடந்தது. யாருக்கும் தெரியாது. அவர் வாயைத் திறந்து அவளிடம் உதவி கேட்டதில்லை. அவளும் கேட்கட்டும் என்று காத்திருக்கவில்லை.

கடைசியில் அவராகவே விலகுகிறேன் என்றார். புதிய தொகுப்பாளரைத் தேடும் வேலை சேனலின் புரோகிராம் ஹெட்டாகப் புதிதாக வந்திருந்த ஸஹானாவிடம் போனது. முப்பது வயதுப் பெண். கெட்டிக்காரி. நேரத்துக்கு வருவாள், நேரத்துக்குப் போவாள், யாரையும் அதட்டியதில்லை.

எப்சிக்கு ஐம்பத்தொரு வயதில் முதல் தடவையாக ஒன்றின் மேல் ஆசை வந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் கேம்ப் ரோட்டில் அவளோடு ஒரே வீட்டில் இருக்கும் அக்கா ரத்தினபாய்க்குச் சொல்லாமலே தெரிந்தது. ஏனென்றால் சமையலறையில் யாரோ குக்கருக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"வணக்கம் பிள்ளைகளே, முந்துமணிக்கு உங்களை வரவேற்கிறேன்னு சாம்பாரையா வரவேற்கிற?" என்றாள் ரத்தினபாய், கதவில் சாய்ந்துகொண்டு.

"சும்மா இருக்கா. வாய்க்குப் பழகட்டும்னு சொல்லிப் பாத்தேன்."

"கடுகு நெறத்துல புதுப் புடவை. ஜாக்கெட்டு தைக்கக் குடுத்தாச்சு. வாய் மட்டும் சும்மா பழகுதாக்கும்." அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குரலில் கேலி போய்விட்டது. "இங்க பாரு எப்சி. ஒனக்குத்தான் வரும். வேற யாருக்கு வரும்? ஆனா கேட்ட ஒடனே ஈன்னு பல்ல இளிச்சிட்டுச் சரின்னு சொல்லிராத. அலையிறான்னு நெனச்சிருவாங்க. ரெண்டு தடவை வேண்டாம்னு சொல்லு."

"தெரியும்க்கா."

"சார் ஒக்காந்த எடத்துல நான் ஒக்கார்றதான்னு சொல்லு. அது எடுபடும். சாரும் பக்கத்துல இருப்பாருல்ல? அவரு சொல்லுவாரு, அவள விட்டா யாரு இருக்கான்னு. அதுக்கப்பறம் நீ 'சார் இஷ்டம்'னு சொல்லு. மரியாதையாவும் இருக்கும், பதவியும் வந்துரும்."

திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. அந்தச் சபைக்குள் அது ஒரு நாளும் தோற்றதில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் ஸஹானாவின் அறையில் மூன்று பேர் இருந்தார்கள்: ஸஹானா, வில்பிரட் சார், எப்சி. ராஜகோபால் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டு வீட்டில் இருந்தார். தேநீரும் மேரி பிஸ்கட்டும் வந்தன.

"சார், வெளியில ரெண்டு மூணு பேர்கிட்டப் பேசியிருக்கோம்," என்றாள் ஸஹானா. "சீரியல்ல நடிக்கிற விக்கி ரொம்ப இன்ட்ரஸ்ட்டா இருக்காரு. ஆனா எனக்கு ஃபர்ஸ்ட் மனசுல வந்தது எப்சி மேம்தான். பசங்க அவங்களப் பாத்தா ரிலாக்ஸ் ஆகுறாங்க. என்ன மேம், நீங்க ஹோஸ்ட் பண்றீங்களா?"

எப்சி தேநீரைத் தள்ளி வைத்தாள். அவள் ஒத்திகை பார்த்ததைவிட அழகாகவே வந்தது.

"ஐயோ, நானா? என்ன மேடம் நீங்க... எனக்கு என்ன தகுதி இருக்கு? சார் ஒக்காந்த எடத்துல நான் ஒக்கார்றதா? வேண்டாம் மேடம்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து இரண்டாம் கேள்விக்காகக் காத்திருந்தாள்.

"ஓகே மேம்," என்றாள் ஸஹானா. "இவ்ளோ க்ளியரா சொன்னதுக்குத் தேங்க்ஸ். நான் ஃபோர்ஸ் பண்ண மாட்டேன்." அவள் அதை மரியாதையாகத்தான் சொன்னாள். ஒரு பெண் வேண்டாம் என்றால் வேண்டாம் என்றுதான் அர்த்தம், மறுபடி மறுபடி கேட்டு நச்சரிக்கக் கூடாது என்று படித்து வளர்ந்தவள். எப்சியின் வாழ்க்கையில் அவள் சொன்ன சொல்லை ஒருவர் அப்படியே மதித்தது அதுதான் முதல் தடவை. அந்த மரியாதையில் அவள் கவிழ்ந்தாள்.

இன்னும் ஒரு வழி இருந்தது. எப்சி வில்பிரட் சாரைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் போனைப் பொத்திக்கொண்டு அவள் சொன்ன அதே வாக்கியத்தை இப்போது அவர் சொன்னால் போதும். "அவ சும்மா சொல்றாம்மா, இன்னொரு தடவை கேளு." வில்பிரட் சாரின் பிஸ்கட் ஊறி உடைந்து தேநீருக்குள் விழுந்துவிட்டிருந்தது. அவர் ஸ்பூனால் அதைத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு பௌதிக ஆசிரியருக்கு உரிய கவனத்தோடு தேடினார். கிடைக்கவே இல்லை.

"அப்ப விக்கிகிட்ட சொல்லிடறேன் சார். மண்டே சைன் பண்ணிடலாம்," என்றாள் ஸஹானா.

"நல்லது," என்றார் வில்பிரட் சார், கோப்பையைப் பார்த்தபடி.

பம்மலிலிருந்து பல்லாவரம் வருகிற ஷேர் ஆட்டோவில் நான்கு பேருக்கு நடுவில் நெருக்கிக்கொண்டு எப்சி ஒரு முடிவுக்கு வந்தாள். அவருக்குக் கேட்டிருக்காது. மிஷினைக் கழற்றி வைத்திருப்பார். தாம்பரம் ரயிலில் அது உறுதியாயிற்று. கேம்ப் ரோடு வந்து சேர்வதற்குள் அவர்மேல் அவளுக்கு இரக்கமே வந்துவிட்டது.

ரத்தினபாய்க்கு அவ்வளவு சுலபத்தில் இரக்கம் வராது.

"ஒரே ஒரு தடவையா கேட்டா?"

"ம்."

"கூச்சமில்லாத பொண்ணு. ஒரு காப்பிக்குக்கூட நாம மூணு தடவை கேப்போம். சரி, சார் என்னத்தப் பண்ணாரு?"

"பிஸ்கட் விழுந்துருச்சு, எடுத்துட்டு இருந்தாரு. அவருக்குக் கேட்டிருக்காதுக்கா."

"மிஷின் காதுல இருந்துச்சா?"

"நான் பாக்கல."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "திங்கக்கெழமதான கையெழுத்து? ஞாயித்துக்கெழமை ஆராதனை முடிஞ்சு நேரா மாடம்பாக்கம் போ. சார்கிட்ட விஷயத்தைச் சொல்லு. அவரு ஒரு போன் போட்டா முடிஞ்சுது. புதுப் புடவையக் கட்டிட்டுப் போ."

"அதை எதுக்கு..."

"கட்டுடி."

மாடம்பாக்கத்தில் கோயிலைத் தாண்டி இரண்டாவது தெருவில் வில்பிரட் சார் தனியாக இருந்தார். மனைவி போய் ஆறேழு வருடம். முன்னறைச் சுவர் முழுக்க முந்துமணிப் படங்கள், கேடயங்கள், பொன்னாடை போர்த்திய காட்சிகள். எல்லாப் படத்திலும் ஓரத்தில் எப்சியின் முழங்கை இருந்தது. சட்டம் போட்டவர் சிலவற்றில் அதையும் வெட்டியிருந்தார்.

"வா வா. காபி போடறேன்."

"வேண்டாம் சார். வீட்ல குடிச்சிட்டுதான் வந்தேன்."

"அரை டம்ளர்."

"நெஜமா வேண்டாம் சார்."

"அட, நானும் குடிக்கணும்ல. ஒக்காரும்மா."

"சரி, உங்க இஷ்டம் சார்."

காபி வந்தது. நல்ல காபி. அவள் பாதி குடித்த பிறகு, டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"சார், வியாழக்கிழமை ஸஹானா மேடம் ரூம்ல... நாங்க பேசுனது உங்களுக்குக் கேட்டுச்சா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. அந்த மௌனம் அவளுக்கு நன்றாகப் பழக்கமான மௌனம். ஆனால் இந்தத் தடவை அவர் அவள் கையில் பேனா இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

"மிஷின் காதுலதான் இருந்துச்சு எப்சி. அன்னைக்குக் காலைலதான் புது பேட்டரி போட்டேன்."

வெளியே யாரோ தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் குடங்கள் தரையில் உரசும் சத்தம் வந்தது.

"நீ மொதல் தடவை வேண்டாம்னுதான் சொல்லுவன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். "வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. அந்தப் பொண்ணு ஓகேன்னு சொன்னப்போ, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்னு உள்ளுக்குள்ள சொல்லிக்கிட்டேன். எனக்கு அவ்ளோ நிம்மதியா இருந்துச்சு."

எப்சி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"விக்கி வந்தா ஜனங்க என்ன சொல்வாங்க? ஆயிரம் சொல்லு, வில்பிரட் சார் மாதிரி வருமான்னு சொல்வாங்க. மூணு நாலு வருஷம் சொல்லிட்டு இருப்பாங்க. நீ வந்தா அப்படிச் சொல்ல மாட்டாங்கம்மா. பிள்ளைங்க பயப்படாம வெளையாடும். ரெண்டே மாசத்துல, வில்பிரட்னு ஒருத்தன் இருந்தானான்னு ஆயிடும். நீ என்னைவிட நல்லாப் பண்ணுவ. ரெண்டு வருஷமா நீதான பண்ணிட்டு இருக்க? எனக்குத் தெரியாதா அது?"

அவளை யாரும் அவ்வளவு உயர்வாகப் பேசியதே இல்லை. சபையில் இல்லை, சேனலில் இல்லை, வீட்டில் நிச்சயமாக இல்லை. அந்த வார்த்தைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவள் புடவைத் தலைப்பின் நூலை இழுத்தாள். கடுகு நிறப் புடவை. அவர் அதைக் கவனித்தாரோ என்னவோ, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உனக்கு ஆசை இருந்துச்சா எப்சி? உண்மையச் சொல்லு."

இதுதான் இரண்டாம் கேள்வி. அதைக் கேட்டது சரியான ஆள்தான். ஒரே ஒரு சொல் போதும், அவர் போனை எடுப்பார். எடுத்திருப்பார். அவர் கெட்டவர் இல்லை.

"சேச்சே," என்றாள் எப்சி. "அதெல்லாம் இல்ல சார்."

ஐம்பத்தொரு வருடப் பழக்கம் நாக்கில் உட்கார்ந்திருக்கும்போது மனசு என்ன செய்யும். அவள் காத்திருந்தாள். அவர் மூச்சை வெளியே விட்டார். முகத்தில் இருந்த வயது கொஞ்சம் இறங்கியது.

"நான்கூடப் பயந்துட்டேன்," என்றார். "இன்னொரு டம்ளர் காபி?"

"வேண்டாம் சார்."

"கொஞ்சம் குடிம்மா. டிகாஷன் இருக்கு."

"இல்ல சார், நேரமாச்சு."

"அட, குடிச்சிட்டுப் போ. ஒரு வாய்."

காபிக்கு அவர் மூன்று தடவையும் கேட்டார்.

வீட்டில் ரத்தினபாய் வாசலிலேயே நின்றிருந்தாள். "என்ன சொன்னாரு?"

"அவருக்குக் கேக்கலையாம்க்கா."

"காது செத்த மனுஷன். போன் பண்றேன்னாரா?"

"நாந்தான் வேண்டாம்னுட்டேன்."

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு தங்கையின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கத்தத் தொடங்கினாள். அப்ப நீயே அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணு, எனக்கு வேணும்னு சொல்லு, வாயில என்ன கொழக்கட்டையா, இந்தா போன். எப்சி போனைக் கையில் வாங்கினாள். ஸஹானாவின் பெயர் வரைக்கும் போனாள். தனக்குக் காதில் விழவில்லை என்று வில்பிரட் சார் ஒரு பொய் சொல்லியிருந்தால் கட்டாயம் போன் செய்திருப்பாள். அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். தன்னை மறந்துவிடுவார்கள் என்று பயந்த ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்த பிறகு, அந்த நாற்காலியில் ஏறி உட்காருவது எப்படி? போனைக் குப்புறக் கவிழ்த்தாள். புடவையை மாற்றிக்கொண்டு வந்து, சாம்பாருக்குப் புளியை ஊறவைத்தாள். அன்று குக்கருக்கு யாரும் வணக்கம் சொல்லவில்லை. திங்கட்கிழமை விக்கி கையெழுத்துப் போட்டான்.

வழியனுப்பு நிகழ்ச்சிக்குக் கிடங்கு நிறைந்துவிட்டது. பழைய போட்டியாளர்கள் தங்கள் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். ராஜகோபால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். விக்கி மேடையில் ஏறியதும் வில்பிரட் சாரின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். நடிப்பில்லாமல் செய்தான். அவன் கொஞ்சம் மோசமானவனாக இருந்திருந்தால் எப்சிக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

வில்பிரட் சார் மைக்கைப் பிடித்தார். எல்லாருக்கும் நன்றி சொன்னார். பிறகு, பழக்கம் யாரை விட்டது, அந்தக் கதையைத் தொடங்கினார். வேண்டாம் என்றது, ராஜகோபால் சாவியை எடுத்தது, எப்சி போனைப் பொத்திக்கொண்டு சொன்னது. "அன்னைக்கு இந்தப் பொண்ணு ஒரு வார்த்தை சொல்லலைன்னா..." என்று வந்தவர் அங்கே நின்றுவிட்டார். லென்ஸ் என்ற வார்த்தை வரவில்லை. கண்ணாடிக்கு மேலாக எப்சியைப் பார்த்தார். அவளுக்கு உயர்த்தவும் படுக்கவைக்கவும் அன்று பேனா இல்லை. கூட்டம் அவர் நெகிழ்ந்துவிட்டார் என்று நினைத்து எழுந்து நின்று கைதட்டியது.

மேடைக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஸஹானா அந்தக் கதையை அன்றுதான் முதல் தடவை கேட்டாள். மெதுவாகத் திரும்பி எப்சியைப் பார்த்தாள்.

சமோசா கொடுக்கும் இடத்தில் ராஜகோபால் எப்சியைப் பிடித்துக்கொண்டார். "இன்னா எப்சி, கண்ணக் கட்டிக்கினு வூட்ல கெடந்தேன், அதுக்குள்ள யாரையோ கூட்டியாந்துட்டாங்க. உன்ன யாரும் கேக்கலியா?"

"கேட்டாங்கண்ணா. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

"நீ சொல்லுவ, தெரியாதா எனக்கு! எத்தினி தபா கேட்டாங்க?"

"ஒரு தடவை."

ராஜகோபால் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். சிவந்திருந்த கண்ணால் அவளைப் பார்த்தார். "ஒரு தபாதானா? பேஜாரா பூட்சே எப்சி. பக்கத்துல வில்பிரட் சார் இருந்தாரே, அவரு இன்னா பண்ணிக்கினு இருந்தாரு?"

"அவருக்குக் காது கேக்கலண்ணா," என்றாள் எப்சி. இந்தத் தடவை அது சரளமாகவே வந்தது.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போன பிறகு ஸஹானா வந்தாள். கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள். "மேம், அன்னைக்கு நீங்க வேண்டாம்னு சொன்னது... நான் இன்னொரு தடவை கேட்டிருக்கணுமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம். முதல் பதில்தான் கணக்கு. நான்தான ரூல்ஸ் படிக்கிறேன்." சிரிக்கவும் செய்தாள்.

ஸஹானாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஸ்கோர் சீட்ல நீங்க இருப்பீங்கல்ல மேம்? ப்ளீஸ், நீங்க..."

"இருக்கேன்," என்றாள் எப்சி. அந்தப் பெண் வாக்கியத்தை முடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள். "இருக்கேன் மேடம். சரி."

அவள் வாழ்க்கையில் முதல் கேள்விக்கே சரி என்று சொன்னது அன்றுதான். சொல்லிவிட்டு, யாராவது கேட்டுவிட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தாள்.

புதிய சீசனின் முதல் பதிவன்று மழை. தோல் வாடை மெல்ல எழும்பியிருந்தது. எப்சி பிள்ளைகளுக்கு விதிகளைப் படித்தாள். அந்த விதியை ஒரு தடவைதான் படித்தாள். இரண்டாம் தடவை படிக்காமல் தாளை மடித்து வைத்துவிட்டாள். விக்கி துள்ளலாகத் தொடங்கினான். அவன் காதுகள் இளமையானவை. கடைசி மேஜையில் ஒரு பிள்ளை முணுமுணுத்தாலும் பிடித்துவிட்டான். பதிலுக்கும் தீர்ப்புக்கும் நடுவில் மௌனமே இல்லை.

மூன்றாவது சுற்றில், அதுவரை ஒன்றுமே எடுக்காத டி அணியிலிருந்து ஓவியா என்ற ஒல்லியான பெண் மணியை ஓங்கி அடித்தாள். கேள்வி, சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் கோள் எது.

"வெள்ளி!" என்றாள். சொன்னவுடனே கண்கள் விரிந்தன. "இல்ல, இல்ல சார், புதன்! புதன்!"

எப்சியின் கை தானாக எழுந்தது. பேனா நேராக, உயரமாக, சரி என்று நின்றது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு இரண்டாம் பதிலை அவள் சரி என்று எடுத்துக்கொண்டதே இல்லை.

யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"ஸாரிடா செல்லம், மொதல் பதில்தான் கணக்கு!" என்று விக்கி சிரித்துக்கொண்டே அடுத்த அணிக்குப் போனான். அவன் சொன்னதில் தவறு இல்லை. ஓவியா உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பேனா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு எப்சி அதை மேஜையில் படுக்கவைத்து, மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு மூன்று அணிகளின் மதிப்பெண்ணை வாசித்தாள். கடைசி வரிக்கு வந்தபோது அவள் மதிப்பெண் தாளைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

"டி அணி," என்றாள். "டி அணி, இனிமேல்தான் தொடங்க வேண்டும்."